முகம் பழையது, முதுகெலும்பு யாருடையது?

நெய்யிலே கொழுப்பைக் கலந்து விற்பவனைச் சட்டம் தேடுகின்றது. பாலிலே நீர் வார்ப்பவனை ஊர் தூற்றுகின்றது. ஆனால், எழுபது ஆண்டுகட்கு முன் செய்த மோட்டார் வண்டியொன்றின் கூட்டை மட்டும் கழற்றியெடுத்து, நேற்றுப் பிறந்த லொறியொன்றின் அடிச்சட்டகத்தின்மேல் அமர்த்தி, அந்த லொறியின் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் அச்சுக்களையும் சுக்கானையும் அப்படியே வைத்துக்கொண்டு, "இது 1950ஆம் ஆண்டு வண்டி" என்று நெஞ்சை நிமிர்த்திக் கூறுபவனை உலகம் கைதட்டி வரவேற்கின்றது! இந்தக் கைதட்டலில் எமக்கு உடன்பாடில்லை. ஏன் இல்லை என்பதைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். பழைய கார்களைக் கொட்டிலில் வைத்திருப்போரும், உழவு இயந்திரத்தின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தோரும் எம் வாசகரிடையே பலர் உளர். இது அவர்களுக்குப் புறம்பான செய்தியன்று.

இவ்வழக்கம் செழித்தோங்கிய இடம் அமெரிக்கா. செவர்லட் கொம்பனியார் 1947ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடக்கம் 1955ஆம் ஆண்டின் முற்பகுதி வரை சிறு லொறி வரிசையொன்றைச் செய்து விற்றனர். உருண்ட கூரையும், திரண்ட மட்காடுகளும், முகத்திலே கிடையாக ஓடும் ஐந்து பட்டைகளும் கொண்ட அவ்வண்டியைப் படத்திலேனும் காணாதார் சிலரே. அதன் அரைத்தொன் வகைக்கு 3100 என்று பெயர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 116 அங்குலம். 216 கன அங்குலக் கொள்ளளவுடைய ஆறு உருளை எஞ்சின். ஏறத்தாழ 90 குதிரைவலு. கமக்காரனின் சோளமும் வைக்கோலும் ஏற்றிய வண்டி அது. இன்று அதன் சட்டகத்தை வெட்டியெறிந்துவிட்டு, அதே கொம்பனியார் 1982 முதல் 2004 வரை விற்ற எஸ்-10 என்னும் சிறு லொறியின் சட்டகத்தை அடியிலே செருகுவது அங்கே பெருவழக்காகி நிற்கின்றது.

செருகுவது என்றோம். அது அவ்வளவு இலேசான காரியமன்று. எஸ்-10 வண்டி மூன்று நீளங்களில் வந்தது. குறும்பெட்டியுடையதன் அச்சிடைத் தூரம் 108.3 அங்குலம், நீள்பெட்டியுடையதற்கு 117.9, கூடு நீண்ட வகைக்கு 122.9. பழைய வண்டியின் 116 அங்குலத்தோடு இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை என்பதை வாசகர் காண்க. முதலாவதை எடுத்தவன் ஏறத்தாழ எட்டு அங்குலம் இரும்பை இடையிலே சேர்த்து நீட்டவேண்டும். மூன்றாவதை எடுத்தவன் ஏழு அங்குலத்தை அறுத்தெறிந்து மீண்டும் ஒட்டவேண்டும். நடுவிலுள்ளதை எடுத்தவனுக்கே அதிர்ஷ்டம். அவன் இரண்டு அங்குலத்தைப் பெட்டியிலும் மட்காட்டிலும் அங்குமிங்கும் நகர்த்தி ஒளித்துவிடலாம். அதன்மேலும் சிக்கல் உண்டு. புதிய வண்டியின் சில்லகலம் குறைவாதலின், பழைய அகன்ற மட்காட்டினுள் சில்லுகள் பதுங்கிக் கிடக்கும். அவற்றை வெளியே தள்ளுவதற்குத் துண்டு வளையங்கள் போடுவர். கூட்டைத் தாங்கும் கால்கள் யாவும் புதிதாக ஒட்டப்படவேண்டும். பழைய வண்டியின் மின்சாரம் ஆறு வோல்ட். புதியதன் மின்சாரம் பன்னிரண்டு. எஞ்சினுக்குக் கட்டளையிடும் கணினிப்பெட்டியையும் அதன் கம்பிக் கற்றையையும் எங்கேனும் மறைத்து வைக்கவேண்டும். இத்தனையும் முடிந்தபின் எஞ்சுவது என்ன? மேலே 1950ஆம் ஆண்டின் தகரம். கீழே 1995ஆம் ஆண்டின் லொறி.

இதனை ஆதரிப்போர் வாயடைத்திருப்பவர்களல்லர். அவர்கள் கூறும் நியாயங்களை எடுத்துப் பார்ப்போம்.

பழைய எஞ்சின் இக்காலத்துப் பெருஞ்சாலையில் ஓடத் தகுதியற்றது என்பது முதல் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. அந்த 216 எஞ்சினின் இணைப்புத் தண்டுகளுக்கு வெள்ளுலோகம் வார்த்த தாங்கிகளே உண்டு. தண்டின் அடியிலுள்ள சிறு அகப்பை எண்ணெயை அள்ளித் தெளித்து அவற்றை நனைக்கின்றது. மணிக்கு நாற்பத்தைந்து மைல் வேகத்தில் அது நாள் முழுதும் பாடும். எழுபது மைலில் விரட்டினால் சிறிது காலத்திலேயே ஒப்பாரி வைக்கும். ஆனால், அவ்வண்டி பிறந்தபோது அமெரிக்கப் பெருஞ்சாலைகளே பிறக்கவில்லை. அவற்றுக்கான சட்டம் வந்தது 1956இல். வயலுக்கும் சந்தைக்கும் இடையே ஓடச் செய்த வண்டியைப் பெருஞ்சாலையிலே விரட்டவேண்டும் என்பது யாருடைய ஆசை? வண்டியினுடையதா, வைத்திருப்பவனுடையதா? வேகம் வேண்டுமென்றால் வேகமான வண்டியை வாங்குவதற்கு எவரும் தடைசொல்லவில்லையே!

இரண்டாவது வாதம் வலிமை மிக்கது. பாதுகாப்புக்காகவே இதனைச் செய்கின்றோம் என்கின்றனர். பழைய வண்டியில் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிறேக்கு. அந்த நான்குக்கும் எண்ணெய் தள்ளுவது ஒரே குழாய்த் தொகுதி. ஓரிடத்தில் ஒழுக்கு ஏற்பட்டால் நான்கும் போயின. அமெரிக்க வண்டிகளுக்கு இரட்டைத் தொகுதி பொதுவழக்கானது 1967ஆம் ஆண்டு மாதிரிகளிலேதான். எஸ்-10 வண்டிக்கு முன்னே டிஸ்க் பிறேக்கு, இரட்டைத் தொகுதி, முன்சில்லுகளுக்குத் தனித்தனித் தொங்கல் யாவும் உண்டு. உண்மை, மறுக்கவில்லை. ஆயினும் நாம் கேட்கின்றோம்: பிறேக்கு வேண்டுமாயின் பிறேக்கை மாற்றுவதுதானே? பழைய சட்டகத்தைக் காயப்படுத்தாமல், ஆணியும் சுரையும் கொண்டே டிஸ்க் பிறேக்கையும் இரட்டைத் தொகுதியையும் அவ்வண்டிக்குப் பூட்டலாம். நாளை வேண்டாமென்றால் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டலாம். பல் வலிக்கின்றது என்பதற்காகத் தலையை மாற்றிக்கொள்பவன் உண்டோ?

இன்னொன்றும் உண்டு. 1949 முதல் அவ்வரிசை வண்டிகளில் பெற்றோல் தாங்கி எங்கே இருந்தது தெரியுமா? கூட்டினுள்ளே, சாரதியின் முதுகுக்குப் பின்னே! மோதும்போது மடங்கிக் கொடுத்து மார்பைக் காக்கும் சுக்கான் தண்டு அதில் இல்லை. கதவின் பூட்டும் கூரையின் தகரமும் எழுபது ஆண்டுகட்கு முந்தியவை. சட்டகத்தை மாற்றியவன் இவற்றுள் எவற்றை மாற்றினான்? சிலர் தாங்கியை இடம்மாற்றுகின்றனர், நல்லது. ஆனால், எஸ்-10 லொறியை மோதிப் பரிசோதித்தவர்கள் அதன் சட்டகத்தையும் கூட்டையும் ஒன்றாகவே பரிசோதித்தனர்; சட்டகத்தை மட்டுமன்று. அந்தச் சட்டகத்தை நடுவிலே அறுத்து, ஏழு அங்குலத்தை நீக்கி, வீட்டுக்குப் பின்னுள்ள கொட்டிலில் வைத்து ஒட்டி, வேறொரு கூட்டை ஏற்றியபின் அது எப்படி மோதுண்ணும் என்பதை எந்தப் பொறியியலாளரும் பரிசோதித்ததில்லை. வெல்டிங் செய்த இடத்துக்கு அருகே இரும்பின் குணம் மாறும் என்பதைக் கலப்பைக் கொழு அடித்த கொல்லனும் அறிவான். நேர்குறுக்காக வெட்டி ஒட்டினானா, படிபோல வெட்டி ஒட்டினானா, மேலே தகடு வைத்துத் தைத்தானா என்பதையெல்லாம் பெயின்ற் மூடிவிடும். பாதுகாப்பு என்ற பெயரால் செய்வது பாதுகாப்பாயிருக்க வேண்டும். பெயரளவில் இருத்தல் போதாது.

மூன்றாவதாக, புதிய எஞ்சினுக்கு உதிரிப்பாகம் கிடைக்கும் என்கின்றனர். இன்றைக்குக் கிடைக்கும். எஸ்-10 செய்வதை நிறுத்தி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்னும் இருபது ஆண்டுகளில் அந்தக் கணினிப்பெட்டி கண்ணை மூடினால், எந்தக் கடைசல்காரன் அதனைக் கடைந்து தருவான்? 216 எஞ்சினின் வெள்ளுலோகத் தாங்கியைத் தக்க கைவினைஞன் இன்றும் வார்த்துத் தரலாம். இரும்பைத் திருத்தலாம், எரிந்துபோன சில்லறை மின்னணுவைத் திருத்துவது எங்ஙனம்?

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். எந்தப் பாகம் இருந்தால் வண்டி அதே வண்டி? கமக்காரனைக் கேளுங்கள். மண்வெட்டிக்குப் பிடி ஆண்டுதோறும் உடைகின்றது. பூவரசந்தடியோ வேறு தடியோ வெட்டிப் போடுகின்றான். அது வேறு மண்வெட்டி என்று அவன் சொல்வதில்லை. இலை தேய்ந்து வேறு இலை வாங்கிப் பழைய பிடியில் போட்டால், "புது மண்வெட்டி" என்பான். எது பணியைச் செய்கின்றதோ, எது சுமையைத் தாங்குகின்றதோ அதுவே பொருள் என்பது அவன் தீர்ப்பு. பிரித்தானிய அரசினரும் நெடுங்காலம் இவ்வாறே தீர்ப்பளித்தனர். பலவாறு மாற்றிய வண்டி தன் பழைய இலக்கத்தை வைத்திருக்கலாமா என்பதை அங்கே புள்ளியிட்டு அளந்தனர். சட்டகத்துக்கு ஐந்து புள்ளி. தொங்கல், அச்சு, கியர்ப்பெட்டி, சுக்கான் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று! எட்டுப் புள்ளி தேறவேண்டும். அவற்றுள் சட்டகத்தின் ஐந்தும் இருந்தே ஆகவேண்டும். தேறாத வண்டிக்குப் பிறப்பு அறியப்படாதது என்று காட்டும் கியூ எழுத்து இலக்கம். 2025 ஆகஸ்டில் அவ்விதிகள் தளர்த்தப்பெற்றன; பெருமாற்றம் செய்தவனும் பழைய இலக்கத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாற்றத்தை அறிவிக்கவேண்டும் என்றாயிற்று. தளர்த்தியவர்களும் அறிவித்தலைக் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க.

இங்கேதான் எம் வழக்கின் உயிர்நிலை இருக்கின்றது. கழித்த சட்டகத்தோடு வண்டியின் இலக்கமும் போகின்றது. வந்த சட்டகத்துக்கு வேறொரு இலக்கம் உண்டு. வேறொரு வரலாறு உண்டு. அது களவுபோன லொறியாயிருக்கலாம்; மோதி நசுங்கிய லொறியாயிருக்கலாம். பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதிய சட்டகத்தின் இலக்கத்தை அராவியெடுப்பவன் அமெரிக்காவிலே நடுவண் சட்டப்படி குற்றவாளி. எழுத்துப் பலகையொன்றின் பொருட்டு 1958இல் இந்நாடு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, வண்டியின் இலக்கம் வெறும் தகரத்துண்டன்று என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

எல்லாச் சட்டகமாற்றமும் வஞ்சகம் என்று நாம் கூறவில்லை. உப்புப் போட்ட பனிச்சாலையில் நாற்பது ஆண்டு ஓடி, சட்டகம் அப்பளம்போல் உதிர்கின்ற வண்டிகள் அமெரிக்காவின் வடபகுதியில் உண்டு. வயலோரத்தில் கூடு மாத்திரம் கிடந்து, கோழி அடைகாத்த வண்டிகளும் உண்டு. அவற்றுக்கு வேறு வழியில்லை. இறந்தவனின் சட்டையை இருப்பவன் அணிவது பாவமன்று; இறந்தவனின் பெயரில் கையெழுத்திடுவதே பாவம். எம் சினமெல்லாம் நல்ல சட்டகத்தின்மீது வாளை வைப்பவன்மீதே. ஒரு கிழமைச் சோம்பலுக்காகவும் குளிரூட்டிக்காகவும், எழுபது ஆண்டு உறுதியாய் நின்ற இரும்பை எடைக்கு விற்பவன்மீதே.

எமது மண்ணில் இதற்கு நேர்மாறான வரலாறொன்று உண்டு. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் பொன்னாயிற்று. பள்ளிக்கூடத்துக்கும் ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் சாவீட்டுக்கும் யாழ்ப்பாணத்தாரைச் சுமந்தவை ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர், ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் ஆகிய பழங்கார்களே. மண்ணெண்ணெயில் அவை ஓடின! சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயைக் கொடுத்தனர். இது மாயமன்று. அவ்வெஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தது. ஆதலின் தரங்குறைந்த எரிபொருளையும் அவை சகித்தன. இக்காலத்து உயர் அமுக்க எஞ்சினுக்கு அதைக் கொடுத்தால் அது இடியிடித்துச் சாகும். 1949 முதல் வந்த பேர்கசன் டி.ஈ.டி.20 உழவு இயந்திரம் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெய் வகையொன்றில் உழும்படியே செய்யப்பட்டது என்பதை நினைவுகூரும் கமக்காரருக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும். புகை கக்கியது உண்மை, பிளக்குகள் கரிபிடித்தன, எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. அத்தனையையும் எம் மெக்கானிக்குமார் கழுவினர், துடைத்தனர், மீண்டும் ஓட்டினர். கிடைக்காத பாகத்தைக் கடைந்தனர்; கடைய முடியாததை வேறொரு வண்டியிலிருந்து இரவல் வாங்கினர். அவர்கள் மாற்றாதது வண்டியின் முதுகெலும்பை.

பீவா என்னும் பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பார் வரலாற்று வாகனத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்துள்ளனர். முப்பது ஆண்டு கழிந்திருக்கவேண்டும். வரலாற்றுக்குப் பொருத்தமான நிலையில் பேணப்படவேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாதிருக்கவேண்டும் என்கின்றது அது. முன்னிரண்டுக்கும் தலைவணங்குகின்றோம். மூன்றாவதை யாழ்ப்பாணத்துக் காரின் முன்னே கொண்டுவந்து வாசித்தால் அதன் ஹோர்ண் சிரிக்கும்! அன்றாடம் ஓடியதனாலன்றோ அது இன்று வரலாறாக நிற்கின்றது? கண்ணாடி மண்டபத்தில் துணிபோர்த்து வைத்த கார் எவரையும் ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றதில்லை. இந்த இடத்தில் தூய்மைவாதிகளோடும் எமக்கு வழக்கு உண்டு. ஆணியொன்றை மாற்றினாலும் தீட்டு என்பவர், பணம் படைத்தவரின் பொழுதுபோக்கை ஊருக்கெல்லாம் சட்டமாக்கப் பார்க்கின்றார்.

எனினும், எம் நாட்டிலும் கவனிக்கவேண்டிய போக்கொன்று உண்டு. மொறிஸ் மைனருக்குள் யப்பானிய எஞ்சினை இறக்குவது இங்கே புதுமையன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில், ஓடுகின்ற எந்தப் பழைய வண்டியும் விலையேறியது. எஞ்சினை மாற்றுவதை நாம் முழுவதும் தள்ளிவிடவில்லை. பிரித்தானியரே அதற்கு ஒரு புள்ளிதானே கொடுத்தனர்! ஆனால் 948 சி.சி. மைனரின் எஞ்சினுக்கு வலு 37 குதிரை. அதற்கேற்ற ஏழு அங்குல டிரம் பிறேக்கைத்தான் செய்தவர் போட்டனர். அதன் இருமடங்கு வலுவை உள்ளே இறக்கிவிட்டு அதே பிறேக்கோடு ஏ-9 வீதியில் ஏறுபவன், குதிரையை இரட்டித்துக் கடிவாளத்தை மறந்தவன். அமெரிக்கன் பிறேக்குக்காகச் சட்டகத்தையே மாற்றுகின்றான். நம்மவன் எஞ்சினை மாற்றிவிட்டுப் பிறேக்கை எண்ணுவதேயில்லை. இரண்டும் பிழை; இரண்டாவது உயிரைக் குடிக்கும் பிழை.

சட்டகமாற்ற ஆசை இங்கே நுழைவதாயின் எந்த வண்டிக்குள் நுழையும் என்பதையும் கூறிவைப்போம். 1948 முதல் வந்த மொறிஸ் மைனருக்கும், 1954க்குப் பின் வந்த கேம்பிரிட்ஜுக்கும் தனிச் சட்டகம் இல்லை, கூடே சட்டகம். கூட்டை உயர்த்தினால் முழு வண்டியும் எழும்பும். அவற்றின் தரை துருப்பிடித்தால் தகரம் வெட்டி ஒட்டித் திருத்துவதே வழி. 1990களில் மைனருக்கான தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பெற்று இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின என்பதை நம்மவர் மறந்துவிடலாகாது. ஆனால் 1947 முதல் 1954 வரை வந்த ஏ40 டெவன், சமசெற் கார்களுக்குத் தனிச் சட்டகம் உண்டு. கூட்டைக் கழற்றி வேறு சட்டகத்தில் வைக்கும் எண்ணம் அவற்றைக் கண்டால்தான் பிறக்கும். அக்காரை உடையோர் முதலில் சட்டகத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்று ஒலித்தால் அதனைக் கைவிட எவர் சொன்னாலும் கேளாதிருக்கவேண்டும்.

வேறு வழியின்றி மாற்றியவரோ, எஞ்சின் இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவிக்கவேண்டும். விற்கும்போது, "கூடு இந்த ஆண்டு, அடி இந்த ஆண்டு" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். திணைக்களத்தாரும் பெயின்ற் பளபளப்பைப் பார்த்து முத்திரை குத்துவதை விடுத்து, வெல்டிங் செய்த இடத்தைச் சுரண்டிப் பார்க்கத்தக்க ஒருவரை அனுப்பவேண்டும். ஒட்டியவன் யார், எந்த இரும்பால் ஒட்டினான் என்பதும் புத்தகத்தில் ஏறவேண்டும்.

வாங்கச் செல்வோர்க்கு ஒரு வார்த்தை. பழங்காரைப் பார்க்கப் போகும்போது மடிப்புக் கலையாத வேட்டியோடு போகாதீர்கள். பழைய சாக்கொன்றும் கைவிளக்கும் கொண்டு போங்கள். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, சட்டகத்தின் இரு பக்கத்தையும் முன்னிருந்து பின்வரை விளக்குப் பிடித்துப் பாருங்கள். இலக்கத்தைத் தேடிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இடையிலே புதிய வெல்டிங் வரி தெரிந்தால் எழுந்து வந்து காரணத்தைக் கேளுங்கள். நேரான விடை வந்தால் விலையைப் பேசலாம். "அடியிலே என்ன பார்க்கிறீர், மேலே பாரும்" என்று விற்பவர் கூறினால், சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புங்கள்.